மூன்றாம் நாளுக்குப் பிறகு



இப்படி ஒரு பதிவு எழுத வேண்டி வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளியை விட்டு வெளியே வரும்போது, நன்றாகப் பழகிய ஒரு தம்பி பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "சேர், மாசத்தில ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒங்கட ஊட்டுல கூட்டம் நடக்கிறதாமே. என்ன, புது இயக்கமா?"

சிரித்துவிட்டு வந்துவிட்டோம். ஊரில் நாலு பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்து பிளேன்டி குடித்தாலே அது இயக்கமா, தேர்தலா, வெளிநாட்டுக் காசா என்று கேட்பது எங்கள் வழக்கம்தானே. ஆனால் அன்று இரவு வேறொரு கதை வீட்டுக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் பிள்ளையை இழந்த ஒரு இளம் உம்மா எங்களிடம் வர விரும்பியிருக்கிறார். "அங்க போகாதே, அங்க எல்லாரும் கூடி இருந்து அழுவாங்க, அது மார்க்கத்தில கூடாது" என்று சொந்தக்காரர்கள் தடுத்துவிட்டார்களாம். இயக்கம் என்று சொன்னது எங்களைச் சுடவில்லை. இதுதான் சுட்டது. அதனால் எழுதுகிறோம்.

'நாங்கள்' என்று எழுதுவது கணவன் மனைவி இருவரையும்தான். எங்களில் ஒருவர் மட்டும்தான் பாடசாலையில் படிப்பிக்கிறார், இந்தப் பக்கமும் அவருடையதுதான். ஆனால் இந்த விசயத்தை 'நான்' என்று எழுதினால் பாதி விடுபட்டுப் போகும்.

ஊரில் பலருக்குத் தெரியும், எங்கள் மூத்த மகன் 2017இல் மௌத்தானார். டெங்கு. அந்த வருடம் நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. இலங்கை அதற்கு முன் அப்படியொரு வருடத்தைக் கண்டதில்லை. கிழக்கில் கிண்ணியாவிலிருந்து கல்முனை வரைக்கும் வீட்டுக்கு வீடு காய்ச்சல். மகனுக்கு வயது பத்து. தரம் 5. ஆகஸ்டில் புலமைப்பரிசில் பரீட்சை எழுத இருந்தவர்.

காய்ச்சல் தொடங்கிய அடுத்த நாள் பாடசாலையில் மாதிரிப் பரீட்சை. எங்களில் ஒருவர், "ஒரு பரசிட்டமோல் குடித்துவிட்டுப் போகட்டும், இரண்டு மணித்தியாலம்தானே" என்றார். மற்றவர், "வேண்டாம், உடம்பு சுடுது" என்றார். யார் எதைச் சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டோம். அது எங்கள் இருவருக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும். மகன் போனார். பேப்பரை முழுதாகச் செய்தார். வந்து படுத்தார்.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. "அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிட்டு" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னோம். அன்று பின்னேரம் வயிற்று வலி என்றார். மக்ரிபுக்குப் பிறகு இரண்டு முறை வாந்தி. கை கால் குளிர்ந்திருந்தது. காய்ச்சல் இல்லைதானே, ஏதாவது சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். இரவு பத்து மணிக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடுத்த நாள் சுபஹுக்கு முன் முடிந்துவிட்டது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்துத் தொடங்கக்கூடிய நேரம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். காய்ச்சல் நீடித்தால் டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள். பரசிட்டமோல் தவிர வேறு வலிக்குளிசை கொடுக்க வேண்டாம். வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் குளிர்வது, சலம் குறைவது, பிள்ளை சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். இதை எழுதாமல் எங்களுக்கு அடுத்த பந்திக்குப் போக ஏலாது.

இனி விசயத்துக்கு வருகிறோம்.

எங்கள் ஊரைப் போல மையத்து வீட்டைத் தாங்குகிற ஊர் கிடையாது. அதைச் சொல்லாமல் குறை சொன்னால் அது நன்றிகெட்டதனம். செய்தி கேட்ட அரை மணித்தியாலத்தில் வாசலில் கதிரை வந்தது. பந்தல் வந்தது. கபன் துணி யார் வாங்கினார், கபுறு யார் வெட்டினார், இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. காலையில் ஒரு வீட்டிலிருந்து இடியப்பம், பகலைக்கு இன்னொரு வீட்டிலிருந்து சோறு. ஜஃபர் (ரழி) ஷஹீதான செய்தி வந்தபோது அவருடைய குடும்பத்துக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன சுன்னத்தை எங்கள் ஊர்ப் பெண்கள் கிதாபு பார்க்காமலே செய்கிறார்கள்.

நான்காம் நாள் கதிரைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். வீடு அமைதியானது. அன்று பின்னேரம் நான்கு மணிக்கு மகனுடைய டியூஷன் வகுப்புக்காக வைத்திருந்த போன் அலாரம் அடித்தது. எங்கள் இருவரில் யாருக்கும் அதை நிற்பாட்டக் கை போகவில்லை. அது தானாக அடித்து ஓயும்வரை இருந்தோம்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் கஷ்டம் அந்த நான்காம் நாள்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வருகிற சின்னச் சின்ன விசயங்களுக்கு ஊரில் யாரிடமும் ஏற்பாடு இல்லை. பாடசாலையிலிருந்து அவருடைய கொப்பிகள் ஒரு பையில் வரும். மாதிரிப் பரீட்சைப் பேப்பர் திருத்தி வரும். எங்கள் மகனுக்கு 164 புள்ளிகள். மரணப் பதிவுக்குப் போனால், தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பதிவாளர் தலையை உயர்த்தாமல் கேட்பார். பெருநாளைக்குத் துணி எடுக்கப் போனால் கடைக்காரர் பழக்கத்தில் மூன்று பிள்ளைகளுக்கும் எடுத்துப் போடுவார். புதிதாகச் சந்திக்கிறவர் "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்பார். இரண்டு என்றால் ஒருவரை மறுத்ததாகும். மூன்று என்றால் அடுத்த கேள்வி வரும்.

வரவு இடாப்பில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போடுவது ஆசிரியர்களுக்கு வழமையான வேலை. இடம் மாறிப் போனாலும் கோடு, வேறு பாடசாலைக்குப் போனாலும் கோடு. எங்கள் மகனின் பெயருக்கு அவருடைய வகுப்பாசிரியை அந்த வருடம் முடியும்வரை கோடு போடவேயில்லை. வேறு பாடசாலையில் படிப்பிக்கிற எங்களுக்கு அது பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அதிபரும் கேட்கவில்லையாம். அல்லாஹ் அவர்கள் இருவருக்கும் அருள் செய்யட்டும்.

வந்தவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆனால் என்ன சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "சின்னப் புள்ள, நேரா சொர்க்கம்தான், நீங்க சந்தோசப்படணும்." "இன்னும் ரெண்டு பேர் இரிக்காங்கதானே." "ஒங்களுக்கு வயசிரிக்கி, அல்லாஹ் இன்னொண்டு தருவான்." "அழாதீங்க, அழுதா மையத்துக்கு வேதனை." இதில் சில வார்த்தைகள் உண்மைதான். நாங்கள் ஈமான் கொண்டவைதான். ஆனால் எரிகிற கையில் ஒருவர் வந்து, எரிந்தால் கூலி கிடைக்கும் என்று சொல்வதுபோல அந்த நேரம் இருந்தது. அதற்குப் பிறகு ஆட்கள் வருவதும் குறைந்தது. சிலர் சந்தியில் எங்களைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக்கு மாறினார்கள். அவர்களில் கோபம் இல்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். நாங்களும் முன்பு அப்படி மாறி நடந்திருக்கிறோம்.

இருபது நாள் இருக்கும். ஒரு அஸருக்குப் பிறகு ஒரு காக்கா வந்தார். கடல் தொழில் செய்தவர். முகத்தெரிந்தவர், அவ்வளவு பழக்கமில்லை. விறாந்தையில் உட்கார்ந்தார். சாப்பாட்டுப் பார்சல் இல்லை, பயான் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு கேட்டார்:

"மகன்ட பேர் என்ன?"

சொன்னோம்.

"அவருக்கு என்ன சாப்பாட்டில ஆசை?"

இருபது நாளில் அதை யாரும் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் அவர் எப்படி மௌத்தானார் என்றுதான் கேட்டார்கள். எப்படி இருந்தார் என்று கேட்டவர் இந்த மனிதர் ஒருவர்தான். நாங்கள் சொல்லத் தொடங்கினோம். சீனிச் சம்பலும் பாணும். முட்டை என்றால் மஞ்சள் கருவை ஒதுக்கிவிடுவார். மழை பெய்தால் வாளியை முற்றத்தில் வைத்து எத்தனை நிமிடத்தில் நிறைகிறது என்று கணக்குப் பார்ப்பார். ஒரு மணித்தியாலம் கதைத்தோம், அழுதோம், இரண்டு இடத்தில் சிரித்தும்விட்டோம். உள்ளே இருந்த பெரியும்மா, மையத்து வீட்டில் சிரிக்கிறார்களே என்று எட்டிப் பார்த்தார்.

எழும்பும்போதுதான் அவர் சொன்னார்: "எனக்கும் ரெண்டு மகள்மார். சுனாமியில போனாங்க. ஒரு ஆள்ட மையத்து கிடைச்சிது. மத்த ஆளுக்கு கபுறு இல்ல. பதின்மூணு வருசமாகிட்டு சேர், அவங்கட பேர ஊட்டுல நாங்க சொல்றல்ல. இண்டைக்கித்தான் ஒங்களிட்ட வந்து கதைக்கணும் எண்டு மனசு சொல்லிச்சி."

2004 டிசம்பர் 26 எங்கள் கரைக்கு என்ன செய்தது என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். போயா விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வீட்டிலும் கடற்கரையிலும் இருந்த காலை நேரம். பிறகு வீடு கட்டித் தந்தார்கள், வள்ளம் தந்தார்கள், வலை தந்தார்கள். அதெல்லாம் தேவைதான். ஆனால் கரையோரத்தில் எத்தனை வீடுகளில் ஒரு பெயர் இன்னும் சொல்லப்படாமல் இருக்கிறது என்று அந்தக் காக்கா வந்துபோன பிறகுதான் நாங்கள் யோசித்தோம்.

அடுத்த மாதம் அவர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த மாதம், பிறந்து ஆறு மணித்தியாலத்தில் பிள்ளையை இழந்த ஒரு தம்பதியர். இப்படித்தான் தொடங்கியது. யாரும் திட்டம் போடவில்லை. இன்று ஒன்பது குடும்பங்கள்.

பின்பு ஒருநாள் படித்தோம், இதைப் போன்ற ஒன்று இங்கிலாந்தில் கொவென்ட்ரி என்ற நகரத்தில் 1960களின் கடைசியில் தொடங்கியிருக்கிறது. ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பையன்கள் சில நாள் இடைவெளியில் இறந்திருக்கிறார்கள். அங்கே நோயாளிகளைப் பார்க்க வந்துகொண்டிருந்த சைமன் ஸ்டீபன்ஸ் என்ற இளம் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். தான் சொல்கிற ஆறுதலை விட, அந்த இரண்டு பெற்றோரும் ஒரு தேநீரோடு உட்கார்ந்து கதைப்பதில் கூடிய ஆறுதல் இருந்தது. அதிலிருந்து 1969இல் 'கம்பேஷனட் ஃபிரெண்ட்ஸ்' என்ற அமைப்பு வந்தது. இன்று பல நாடுகளில் இருக்கிறது. எங்களுக்கு அதோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் படித்தபோது, வேறு மார்க்கத்தில், வேறு நாட்டில், இதே பிளேன்டி என்று நினைத்துக்கொண்டோம்.

இனி, அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம்.

அஸர் தொழுதுவிட்டு வருவார்கள். ஆண்கள் விறாந்தையில், பெண்கள் உள்ளே. பிளேன்டி, பிஸ்கட். சில நாள் யாராவது தொதல் கொண்டுவருவார்கள். ஒரு துஆவோடு தொடங்கும். பிறகு கதைக்க விரும்பியவர் கதைப்பார். விரும்பாதவர் சும்மா இருப்பார். ஒரு வாப்பா ஏழு மாதம் வந்து ஒரு வார்த்தை கதைக்காமல் போனார். யாரும் கேட்கவில்லை. எட்டாவது மாதம், "என்ட மகளுக்கு இண்டைக்கி பொறந்த நாள்" என்றார். அவ்வளவுதான். அன்று அவருக்கு அது போதும்.

யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. யாருடைய இழப்புப் பெரியது என்று அளப்பதில்லை. வயிற்றில் ஏழு மாதத்தில் போன பிள்ளையும் பிள்ளைதான், இருபத்திரண்டு வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போன மகனும் பிள்ளைதான். அங்கே கதைத்தது அங்கேயே இருக்கும். காசு சேர்ப்பதில்லை, யாரிடமும் வாங்குவதும் இல்லை. வட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது, அதில் வீடியோ பயான் போட்டால் அட்மின் அழித்துவிடுவார். கத்தம் ஓதுவதா, ஓதக்கூடாதா என்ற விவாதத்துக்கு வாசலிலேயே செருப்போடு சேர்த்து இடம் வைத்திருக்கிறோம். ஓதுகிற குடும்பமும் வருகிறது, ஓதாத குடும்பமும் வருகிறது. மக்ரிபுக்கு பாங்கு சொன்னால் முடிந்தது.

பக்கத்து ஊரிலிருந்து ஒரு தமிழ் டீச்சரும் வருகிறார். மகளுக்கு இரத்தப் புற்றுநோய். மூன்று வருடம் மஹரகமைக்கு பஸ்ஸில் ஏறி இறங்கியவர். மகளின் படத்துக்கு அவர் வீட்டில் விளக்கு வைப்பார். நாங்கள் துஆக் கேட்போம். மஹரகமை ஆஸ்பத்திரிக்கு அருகில் மலிவாகத் தங்கும் இடம் எது, இரவு பஸ் எத்தனை மணிக்கு என்பதை எங்கள் ஊரில் புற்றுநோய்ப் பிள்ளை உள்ள இரண்டு குடும்பங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பிள்ளைகள் இருவரும் இன்று சுகமாக இருக்கிறார்கள். அந்தச் செய்தியைச் சொல்லும்போது அவருடைய முகத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். சந்தோசமும் மற்றதும் ஒரே நேரத்தில் ஒரு முகத்தில் இருக்க முடியும்.

புதிதாக ஒரு வீட்டில் பிள்ளை மௌத்தானால் முதல் மூன்று நாளும் நாங்கள் ஊரோடு ஊராகத்தான் போவோம். எங்கள் வேலை அதற்குப் பிறகு. இரண்டாம் கிழமையில் ஒரு தம்பதியர் போவோம். பேரைக் கேட்போம். மரணப் பதிவுக்குத் துணைக்குப் போவோம். குடும்பநல மாதுவுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்போம், தெரியாமல் வந்து "கிளினிக் கார்டைக் கொண்டு வாங்க" என்று கேட்டுவிடக் கூடாதே. பாடசாலைப் பையை யார், எப்போது கொண்டுபோய்க் கொடுப்பது என்று வகுப்பாசிரியரோடு கதைப்போம். வீட்டில் மிஞ்சியிருக்கிற நானா, தங்கச்சியைக் கவனிப்போம். எங்கள் சின்ன மகள் அப்போது ஐந்து வயது. தான் நானாவோடு சண்டை பிடித்ததால்தான் அவர் மௌத்தானார் என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் அழுகிற வீட்டில் சின்னவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இப்போது, அழுவது கூடாது என்ற கதைக்கு வருகிறோம். நாங்கள் மௌலவிமார் இல்லை. அதனால் எங்கள் பள்ளி இமாமிடம் போய்க் கேட்டோம். அவர் சொன்னதைத்தான் எங்கள் வார்த்தையில் சொல்கிறோம். சட்டையைக் கிழித்து, முகத்தில் அறைந்து, அல்லாஹ்வைக் குறை சொல்லி ஒப்பாரி வைப்பதுதான் தடுக்கப்பட்டது. கண்ணீர் தடுக்கப்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் பிள்ளைகளில் பாத்திமா (ரழி) தவிர மற்ற எல்லோரையும் தம் ஹயாத்திலேயே அடக்கியவர்கள். மகன் இப்ராஹீமை மடியில் வைத்து அழுதார்கள். பார்த்திருந்த ஸஹாபி ஆச்சரியப்பட்டுக் கேட்டபோது, இது இரக்கம் என்றார்கள். யஃகூப் (அலை) அவர்கள் யூஸுபுக்காக அழுது கண் வெளுத்துப் போனதைக் குர்ஆனே சொல்கிறது. அவர்கள் பொறுமையில்லாதவர்கள் என்று யார் சொல்வார்கள்?

இமாம் இன்னொன்றும் நினைவூட்டினார். கபுறடியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். நபி (ஸல்) அவர்கள் பொறுமையாக இருக்கும்படி சொன்னார்கள். யார் என்று தெரியாமல் அந்தப் பெண், எனக்கு வந்தது உங்களுக்கு வரவில்லை, போய்விடுங்கள் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டார். நபியவர்கள் கோபிக்கவில்லை. அப்பால் போய்விட்டார்கள். பிறகு அந்தப் பெண் அறிந்து தேடி வந்தபோது, பொறுமை என்பது முதல் அடி விழும்போது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பொறுமையைப் பற்றிச் சொல்ல இந்த ஹதீஸைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அந்தப் பெண்ணை அவர்கள் ஏசாமல் விட்டுப் போனதையும் கொஞ்சம் பாருங்கள் என்றார் இமாம். அவருடைய மனைவிக்கும் இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த மாதத்திலிருந்து அவர்களும் வருகிறார்கள். இமாமாக அல்ல, வாப்பாவாக.

எங்கள் ஊருக்கு அழத் தெரியாது என்றும் இல்லை. 2020 டிசம்பரில், பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையின் ஜனாஸாவைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தபோது, பொரளை கனத்தை வேலியில் எல்லா இனத்தவரும் வெள்ளைத் துணி கட்டினார்கள். நாங்களும் வீட்டு வாசலில் கட்டினோம். அந்தப் பிள்ளையை நாங்கள் கண்டதில்லை. எங்கள் மகனைக் குளிப்பாட்டிக் கபனிட்ட கைகள் எங்களுடையவை என்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்று அன்றுதான் விளங்கியது. 2024 நவம்பர் 26 வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்டபோது இந்தக் கரை முழுக்கத் தூங்கவில்லை. அன்றிரவு எங்கள் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. சுபஹுக்குப் பிறகு அந்தக் காக்கா ஒரு குரல் பதிவு அனுப்பினார். ஏழு செக்கன். அதில் வார்த்தை இல்லை, மூச்சு மட்டும்தான்.

அந்தக் காக்காவைப் பற்றி இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறோம். இதைச் சொல்ல அவர் அனுமதி தந்திருக்கிறார்.

மகன் மௌத்தாகி இரண்டு வருடம், அந்த மாதிரிப் பரீட்சையைப் பற்றி நாங்கள் இருவரும் கதைக்கவேயில்லை. வேண்டாம் என்று சொன்னவர் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. அனுப்பியவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரே பாயில் இரண்டு பக்கம் பார்த்துப் படுத்தோம். வெளியில் யாருக்கும் தெரியாது. பிள்ளை போன பிறகு சில குடும்பங்கள் இந்த இடத்தில்தான் சத்தமில்லாமல் உடைகின்றன. நாங்களும் அந்த விளிம்பில்தான் நின்றோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை. நாலு பேர்தான் வந்திருந்தார்கள். ஆண்கள் பெண்கள் என்று பிரிக்க இடமும் இல்லை, நடுவில் சீலை ஒன்றைக் கட்டிவிட்டு எல்லோரும் உள்ளேயே இருந்தோம். எங்களில் அனுப்பியவர் திடீரென்று சொல்லிவிட்டார்: "காய்ச்சலோட பரீட்சைக்கு அனுப்பினது நான்தான்."

யாரும் "அப்படி நினைக்காதீங்க" என்று சொல்லவில்லை. "கத்ர்" என்றும் சொல்லவில்லை. மழைச் சத்தம் மட்டும். பிறகு காக்கா சொன்னார்:

"அண்டைக்கி காலையில, கடல் உள்ளுக்கு வாங்கி மீன் துள்ளுது எண்டு பொடியன்மார் கத்தினாங்க. மகள்மார் 'வாப்பா நாங்களும் போய்ப் பாக்கட்டா' எண்டு கேட்டாங்க. 'போய்ட்டு சுறுக்கா வாங்க' எண்டு சொன்னது நான்தான். உம்மாட்ட கேட்டிருந்தா உட்டிருக்க மாட்டா."

சீலைக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி இருந்தார். பதினைந்து வருடத்தில் அவர் அதை முதல் தடவை கேட்கிறார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் அந்த ராத்தாவின் குரல் வந்தது: "எனக்குத் தெரியும். பக்கத்து ஊட்டுப் புள்ள அப்பவே சொல்லிச்சி. நீங்க சொல்லுவீங்க எண்டுதான் இவ்வளவு காலம் பாத்துக்கிட்டிரிந்த."

அன்று இரவு வீட்டுக்கதவைப் பூட்டிவிட்டு, எங்களில் வேண்டாம் என்று சொன்னவர், "நானும் கதவடியில் நின்று பிடிச்சி வெச்சிருக்கலாம், வெக்கல்ல" என்றார். அந்தக் குற்றவுணர்வு எங்களை விட்டுப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அது இருக்கிறது. முன்பு இரண்டு பேரும் தனித்தனியே சுமந்தோம், இப்போது இருவருக்கும் தெரிந்து சுமக்கிறோம்.

மகனோடு படித்த பிள்ளைகள் இப்போது உயர்தர வகுப்பில். மீசை வந்துவிட்டது, குரல் மாறிவிட்டது. சந்தியில் "சேர், அஸ்ஸலாமு அலைக்கும்" என்பார்கள். முன்பு அவர்களைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவோம். இந்த ரமழானில் அவர்களில் ஒருவர் இஃப்தாருக்கு வீட்டுக்கு வந்தார். மகன் தனக்குக் கடன் கொடுத்த அழிறப்பர் இன்னும் தன் பெட்டியில் இருப்பதாகச் சொன்னார். அதைத் திருப்பித் தர வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

ஊரவர்களிடம் நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். மையத்து வீட்டுக்குப் போவதை மூன்று நாளோடு நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் கழித்து ஒருநாள் போங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால் அவர்களுக்கு நினைவு வந்துவிடும் என்று பயப்படாதீர்கள், அவர்கள் மறந்திருந்தால்தானே நினைவு வருவதற்கு. சொல்ல ஒன்றும் தெரியாவிட்டால், ஒன்றும் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். ஆசிரியர்களே, வெறும் கதிரையை அடுத்த நாளே வகுப்பிலிருந்து தூக்கிவிடாதீர்கள். பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

துக்கம் ஒருவரைத் தூக்கமில்லாமல், சாப்பாடில்லாமல், உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற நிலைக்குக் கொண்டுபோனால் நாங்கள் போதாது. ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் உள்ளவர்கள் கதைப்பார்கள். அது வெட்கப்பட வேண்டிய இடம் இல்லை. எங்களில் இருவர் அங்கே போய்த்தான் எழும்பி வந்தார்கள்.

கடைசியாக, வர விரும்பியும் வராமல் இருக்கிற அந்தத் தங்கச்சிக்கு. நீங்கள் இதைப் படிப்பீர்களோ தெரியாது, யாராவது காட்டுவார்கள். வரும்படி உங்களை நாங்கள் வற்புறுத்த மாட்டோம். வீட்டில் பெரியவர்கள் சொல்வதை மீற வேண்டாம். வேண்டுமானால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அதுவும் முடியாவிட்டால், எங்கள் வீட்டிலிருந்து உங்களுக்கு அக்கா மாதிரி ஒருவர் ஒருநாள் அஸருக்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வருவார். பிளேன்டி போட வேண்டாம். அவர் பிள்ளையின் பெயரைக் கேட்பார். பெயர் வைக்க முன்னமே போய்விட்டது என்றால், என்ன பெயர் நினைத்து வைத்திருந்தீர்கள் என்று கேட்பார்.

அடுத்த கூட்டம் வழமைபோல மாதத்தின் முதல் ஞாயிறு. வீடு தெரியாதவர்கள் பள்ளியடியில் கேட்டால் காட்டுவார்கள்.

எங்கள் பிள்ளைகள் எல்லோரையும் அல்லாஹ் நாளை எங்கள் கையைப் பிடித்துச் சொர்க்கத்துக்குக் கூட்டிப் போகிறவர்களாக ஆக்கட்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்.